செவ்வந்திக்கு விளக்கு: அந்தியிலா, நள்ளிரவிலா?

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் (பாலித்தீன் கூரைக் குடிலில்) கொய்மலர்ச் செவ்வந்தி, அதாவது தண்டோடு வெட்டி விற்கும் செவ்வந்தி, போடுபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். செவ்வந்தி குறும்பகல் செடி, இரவு நீண்டால் மொட்டு வைத்துவிடும். தண்டு வளர்வதற்குள் மொட்டு வந்தால் பூ கட்டையாக நின்று விலை போகாது, அதனால் ஆரம்ப வாரங்களில் நீண்ட இரவு அதற்குக் கிடைக்கவே கூடாது.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டுப் பகலை நீட்டுவது ஒரு வழி. எளிதுதான், ஆனால் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரமே என்பதால் தினமும் நாலைந்து மணி நேரம் விடாமல் எரியவேண்டும், அணைத்த பிறகு மிச்ச இரவு முழுக்க ஒரே இருட்டு.

என் ஓட்டு நள்ளிரவு விளக்குக்குத்தான். செடி கணக்கு வைப்பது இடைவிடாத இருட்டை. இரவு 10 முதல் 2 வரை வெளிச்சம் விழுந்தால் நீண்ட இரவு இரண்டு சின்னத் துண்டாகிவிடும். அதையும் தொடர்ந்து எரிக்கத் தேவையில்லை, அரை மணிக்குப் பத்து நிமிடம் போதும், டைமர் ஒன்று இருந்தால் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குதான். சிவப்பு எல்இடி நன்றாக வேலை செய்யும்.

அப்புறம் தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை அடியோடு நிறுத்துங்கள். பக்கத்துத் தெருவிளக்கு உள்ளே விழுந்தால்கூட அந்த ஓரத்துப் பாத்தி மட்டும் பூக்காமல் தாமதிக்கும், அங்கே கறுப்புத் துணி கட்டிவிடுங்கள்.