ஜிப்ஸியா, பழைய மஹிந்திரா ஜீப்பா, முதல் தாரா: மலைப்பாதையில் எது எங்கே உடையும்?

செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி) வாங்கலாம் என்று இறங்கினால் பெரும்பாலும் மூன்றில்தான் வந்து நிற்போம்: மாருதி ஜிப்ஸி, மஹிந்திராவின் பழைய ஜீப்புகள் (சிஜே, எம்எம் 540 வகையறா), 2010இல் வந்த முதல் தாரின் சிஆர்டிஇ டீசல் மாடல். மூன்றும் உடையும். ஆனால் உடையும் விதம் வேறு வேறு, என்னைக் கேட்டால் அதை வைத்துத்தான் வண்டியை முடிவு செய்ய வேண்டும்.

ஜிப்ஸியின் பெரிய பலம் அதன் எடை, கிட்டத்தட்ட ஒரு டன்தான். 1985இல் 970 சிசி, 45 குதிரைத்திறன் எஞ்சினோடு வந்தது, 1996இல் ஜிப்ஸி கிங்கில் 1.3 லிட்டர் ஆனது. இந்த எடைக்கும் இந்த இழுவைக்கும் ஆக்சில் தானாக முறிவது அபூர்வம். முறிப்பது நாம்தான், பெரிய டயரைப் போட்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு, முன்சக்கரம் பாறை இடுக்கில் மாட்டியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன் ஆக்சிலின் சிவி ஜாயின்ட் (திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு) படக்கென்று போய்விடும். அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி. ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக ரப்பர் மவுன்ட்டுகளில் சேஸிஸில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கும். ரப்பர் கிழிந்துவிட்டால் இழுவை விழும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு ஆடும், ஷாஃப்ட்டின் கோணம் மாறும், ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவைத் துண்டான ஜாயின்ட் கிராஸ் தேயும், வண்டி முழுக்க அதிரும். இந்த அதிர்வுக்குக் கிளட்ச்சை மாற்று, கியர்பாக்ஸை இறக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முதலில் அடியில் படுத்து ரப்பரைப் பாருங்கள். குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறினால் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். பின் ஆக்சில் ஆயில் சீல் போனால் ஆயில் நேராக பிரேக் லைனரில் இறங்கும், இறக்கத்தில் அது ரொம்ப ஆபத்து.

மஹிந்திரா ஜீப் அதற்கு நேர் எதிர். எல்லாம் கனம், எல்லாம் இரும்பு, எல்லாம் ஒழுகும். அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்து ஸ்பைசர் 18 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். இடையில் உள்ள சீல் தேய்ந்தால் ஓர் அறையின் ஆயில் இன்னொன்றுக்குப் போய்விடும், ஒன்று காயும், மற்றொன்று நிரம்பி வழியும். உள்ளே இடைக்கியர் சுற்றும் ஷாஃப்ட்டும் பேரிங்கும் தேய்ந்தால் ஊளைச் சத்தம் வரும், லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும். இதெல்லாம் மாதக்கணக்கில் சத்தம் போட்டுத்தான் நடக்கும், அதனால்தான் எனக்கு இந்த ஜீப்பின் மேல் இவ்வளவு மரியாதை.

சொல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. பழைய சிஜேக்களின் பின் ஆக்சிலில் ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) தனி, ஷாஃப்ட் தனி. கூம்பு முனையில் ஒரு சாவித் துண்டும் ஒரு நட்டும்தான் இரண்டையும் பிடித்திருக்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சாவி வெட்டுப்பட்டு ஷாஃப்ட் ஹப்புக்குள் வெறுமனே சுற்றும். முன்சக்கர இழுவையைப் போட்டு ஊர் வந்து சேர்ந்துவிடலாம், சரி, ஆனால் அந்த வண்டிகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஷாஃப்ட் வழியாகத்தான் பின்சக்கரத்தைப் பிடிக்கும். ஷாஃப்ட் பிடிப்பை இழந்தால், அல்லது பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால், ஹேண்ட் பிரேக்கும் போச்சு. சரிவில் கழற்றுவதற்கு முன் சக்கரத்துக்குக் கல் வைத்தே ஆக வேண்டும்.

தார் மூன்றிலும் பலசாலி, 105 குதிரைத்திறன். ஆனால் முன்சக்கர ஹப்பை ஷாஃப்ட்டோடு சேர்த்து லாக் செய்வது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய குழாய் கல்லில் கிழிந்தாலோ, சேறு உள்ளே போனாலோ, லீவரைப் போட்டும் முன்ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். சத்தமே வராது. சேற்றில் இறங்கிய பிறகுதான் தெரியும். பல பேர் கையால் திருகும் ஹப்புக்கு மாற்றிவிடுகிறார்கள், நல்ல முடிவு.

பொதுவாக இரண்டு விஷயம். முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃப்ரென்ஷியல் மூன்றிலும் கிடையாது, கெட்டியான சாலையின் ஹேர்பின்களில் ஃபோர் வீலிலேயே ஓட்டினால் முறுக்கு ஏறி ஜாயின்ட் கிராஸைத் தின்றுவிடும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதருக்கு நீளமான டியூப் போட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

தனியாகக் காட்டுக்குள் போகிறவருக்கு ஜிப்ஸி. எஸ்டேட்டில் மூட்டை ஏற்றுகிறவருக்கு ஜீப், பக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தால் போதும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போய் மலையேற வேண்டும் என்றால் தார், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை: மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இழுவை) போட்டு, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஏதோ ஒரு பக்க ஹப்பாவது பிடிக்கவில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.