தண்ணி விடாத வெண்பன்னிக்கறி வேணும்னா இந்தக் கடை

நாலு மாசமா இந்தக் கடைலதான் கறி வாங்கறேன். மொத்தம் பதினாலு பதினஞ்சு தடவ வாங்கியிருப்பேன், ஒரு தடவ நல்லா இருந்துச்சுன்னு உடனே அஞ்சு ஸ்டார் போடற பழக்கம் எனக்கு இல்லீங்க, அதனாலதான் இவ்ளோ நாள் பொறுத்து எழுதறேன். பொள்ளாச்சி ரோட்ல இருந்து உள்ள போகணும், தகர ஷீட் போட்ட சின்ன கடை, போர்டு கூட பெருசா இருக்காது, ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கே வரிசையா வண்டி நிக்கறத வச்சு கண்டுபிடிச்சிரலாம்.

மொதல்ல சட்டில நடந்தத சொல்லிடறேன். எங்க வீட்ல வெண்பன்னி வறுவல்னா இரும்புச்சட்டி, கொஞ்சூண்டு எண்ண, சின்ன வெங்காயம், வரமொளகா, பல்லு பல்லா நறுக்குன தேங்கா, கறிவேப்பில, அவ்ளோதான். மசாலாப் பொடி எதுவும் கெடையாது, அதனால கறி சரியில்லன்னா மறைக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இந்தக் கடை கறிய போட்டா சட்டில சத்தம் அடங்கவே அடங்காது, போட்டதுல இருந்து சுர்ருனு வறுபட்டுட்டே இருக்கும், ஓரம் செவந்து வரும், கொழுப்பு உருகி அந்தக் கொழுப்புலயே கறி வேகும். இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல வாங்கிட்டு இருந்தேன், பேர் வேண்டாம். அந்தக் கறி போட்ட ரெண்டாவது நிமிஷமே சத்தம் அடங்கிரும், பாத்தா சட்டி பூரா தண்ணி, மேல வெள்ளையா நொர, கறி வறுபடாம அந்தத் தண்ணிலயே கொதிச்சுட்டு கெடக்கும், அது வத்தறதுக்குள்ள துண்டெல்லாம் சுருங்கி பாதியாயிரும், வாயில போட்டா சக்க. எங்க மாமியார் "ஊசி போட்டு தண்ணி ஏத்தி விக்கறானுங்க"ன்னு திட்டுவாங்க. நான் அவங்ககிட்ட சொன்னத இங்கயும் சொல்றேன், யாரும் தண்ணி ஏத்தலீங்க, அது அந்தக் கறியோட சொந்தத் தண்ணி.

கல்யாணத்துக்கு முன்னாடி அஞ்சு வருஷம் ஒரு இறைச்சி பதப்படுத்தற கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருந்தேன். கறியோட புளிப்ப அளக்கற பிஎச் மீட்டரோட (நம்பர் எறங்குனா புளிப்பு ஏறுதுன்னு அர்த்தம்) ஊசிய தொடைக்கறிலயும் முதுகுக்கறிலயும் குத்தி நம்பர் எழுதறதுதான் வேலை, வெட்டி 45 நிமிஷத்துல ஒரு தடவ, மறுநாள் 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவ. அந்த ரெண்டு நம்பர பாத்தாலே இந்தக் கறி ஹாமுக்கு ஆகுமா சாசேஜுக்கு அரைக்கணுமான்னு சொல்லிரலாம். அதனால இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி, நீளமா போனா பொறுத்துக்கோங்க.

வெட்டுன உடனே கறி செத்துப் போச்சுன்னு நம்ம நெனைக்கறோம், ஆனா சதை அவ்ளோ சீக்கிரம் ஓயாது. ரத்த ஓட்டம் நின்னா ஆக்சிஜன் நிக்கும், ஆனா சதைக்குள்ள கிளைக்கோஜன்னு ஒரு சர்க்கரை கையிருப்பு இருக்கும்ல, அத ஆக்சிஜன் இல்லாமயே உடைச்சு உடைச்சு ஏடிபி, அதாவது சதை வேலை செய்யறதுக்கான சக்தி, தயாரிச்சுட்டே இருக்கும், அந்த வேலைல மிச்சமாகறது லாக்டிக் ஆசிட். உசிரோட இருக்கறப்ப அத ரத்தம் அடிச்சுட்டுப் போயிரும், இப்ப போக வழியில்ல, அங்கயே தேங்கும். அதனால பிஎச் 7.2 பக்கம் இருந்தது மெல்ல மெல்ல எறங்கி மறுநாள் 5.6, 5.7ல வந்து நிக்கும். இது நடக்கணும், இது நடந்தாதான் நல்ல கறி. எவ்ளோ வேகமா எறங்குது, அது எறங்கறப்ப கறி எவ்ளோ சூடா இருக்குங்கறதுதான் மொத்த சமாச்சாரமும்.

பயந்து ஓடி மூச்சு வாங்கற பன்னிய அந்த நிமிஷமே வெட்டுனா அட்ரினலின் ஏறி சதை முழு வேகத்துல எரிஞ்சுட்டு இருக்கும், வெட்டுன அப்புறமும் அதே வேகம். மெதுவா பல மணி நேரத்துல எறங்க வேண்டிய பிஎச் முக்கால் மணி நேரத்துலயே 6க்கு கீழ போயிரும், அப்ப கறியோட சூடு இன்னும் 38, 40 டிகிரி பக்கம் இருக்கும். ஆசிட்டும் சூடும் ஒண்ணா சேந்தா சதைல இருக்கற புரோட்டீன் கெட்டுப்போகும், பால்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு அடுப்புல வச்சா திரியற மாதிரின்னு வச்சுக்கோங்க. கொழுப்பில்லாத கறில முக்கால்வாசி தண்ணிதான், அத புடிச்சு வச்சிருக்கறதே அந்தப் புரோட்டீன் நாருங்கதான், அதுவே கெட்டா தண்ணிய எது புடிக்கும். கவர்லயே ஒழுக ஆரம்பிச்சிரும், கறி வெளிறிப் போயி கோழிக்கறி மாதிரி தெரியும், வெரல வச்சு அமுக்குனா குழி விழும். கம்பெனில இதுக்கு பிஎஸ்இன்னு பேரு, வெளிறல், கொழகொழ, தண்ணி விடறது மூணும் சேந்தது.

இப்ப கடைக்கு வரேன். ரெண்டாவது மாசம் நான் தாங்க முடியாம அண்ணன்கிட்ட கேட்டே விட்டேன், "ஏனுங்ணா, உங்க கறி மட்டும் தண்ணி விடறதில்லயே, என்ன பண்றீங்க"ன்னு. அவரு கத்திய கட்டைல வச்சுட்டு "ஒண்ணும் பண்றதில்ல அம்மிணி, வெரட்டறதில்ல, அவ்ளோதான்"ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம் பின்னாடி பட்டிய காட்டுனாரு. பண்ணைல இருந்து சின்ன யானை வண்டில வெள்ளிக்கெழம வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏத்தறாங்க, பன்னிக்கு நம்மள மாதிரி வேர்க்காது, மத்தியான வெயில்ல ஏத்துனா வண்டிலயே சில உருப்படி செத்துரும். ஒரே கொட்டாய்ல வளந்ததுங்களதான் ஒண்ணா ஏத்துவாரு, வேற வேற கொட்டாய்து கலந்தா ராத்திரி பூரா கடிச்சுக்கும். எறக்குனதும் தண்ணி பைப்ப மேல தூவற மாதிரி விட்டாரு, எல்லாம் அப்படியே படுத்துருச்சு. குடிக்கத் தண்ணி உண்டு, தீனி கெடையாது, விடியக்காலைல வெட்டு. கையில குச்சி இல்ல, ஒரு பிளைவுட் பலகைய பக்கத்துல புடிச்சுட்டே நடந்து போனாரு, அதுங்க பாட்டுக்கு போகுது. நான் நின்ன ஒரு மணி நேரத்துல ஒரு கத்தல் கேக்கல. முன்னாடி வாங்கிட்டிருந்த எடத்துல கடைக்கு நூறு அடி தள்ளி நின்னாலே அலறல் கேக்கும், அதுதான் சட்டில தண்ணியா வந்துருக்கு.

வெட்டறதுக்கு முன்னாடி தலைல கரன்ட் இடுக்கி வச்சு மயக்கிடறாங்க, பையன் ஒருத்தன் கத்தியோட ரெடியா நிப்பான், மயங்குன சில நொடிக்குள்ள ரத்தம் எறக்கிரணும்னு அண்ணன் கண்டிஷனா சொன்னாரு. அது சரியான பேச்சு, லேட்டானா சதை துடிச்சு துடிச்சு இன்னும் எரியும், கறிக்குள்ள ரத்தப்புள்ளி வேற வரும். அப்புறம் முடி எடுக்க வெந்நில முக்கறது, 60 டிகிரி சொச்சம்தான், கொதிக்கற தண்ணி இல்ல. முக்கி எடுத்து, செரச்சு, தோல லேசா வாட்டி, கொடல உடனே எடுத்து, ரெண்டு பாதியா பொளந்து நேரா குளிர் ரூம்ல தொங்க விட்டுடறாங்க. இந்த எடத்துலதான் நெறய கடைங்க கோட்ட விடுது. பன்னி நிம்மதியாவே வெட்டுப்பட்டிருந்தாலும் சூடான கறிய துண்டு போட்டு அலுமினிய அண்டால அமுக்கி வச்சா நடுவுல இருக்கற கறி மணிக்கணக்கா ஆறாது, அந்தச் சூட்டுலயே நல்ல கறியும் பாதி கெட்டுரும். தொங்கற பாதி உடம்புக்கு நாலு பக்கமும் காத்து படும்.

இதுல ஒரு சண்டை வாராவாரம் நடக்குது, அதப் பத்தி சொல்லியே ஆகணும். சனிக்கெழம காலைல வந்து "இப்ப வெட்டுனதுல குடுங்க, சூடா வேணும்"னு நிக்கறவங்க நெறய பேரு, அண்ணன் குடுக்க மாட்டாரு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிருவாரு. கோவிச்சுட்டு போறவங்கள நானே பாத்திருக்கேன், ஒருத்தர் "பிரிட்ஜ் கறிய எங்க தலைல கட்டறயா"ன்னு கூட கேட்டாரு. எனக்கு அவங்க நெனப்பு புரியுது, நம்ம ஊர்ல கண்ணு முன்னாடி வெட்டுனாதான் நம்பிக்கை. ஆனா வெட்டுன சில மணி நேரத்துல ஏடிபி தீந்து போயி சதை நாரு ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், ஒடம்பு வெறைக்கறதுன்னு சொல்றமே அதேதான், மாட்ட விட பன்னில இது சீக்கிரமே வந்துரும். அந்த நேரத்துல துண்டு போட்டு சமைச்சா எவ்ளோ விசில் விட்டாலும் ரப்பர்தான். ஒரு நாள் குளிர்ல தொங்குனா சதைக்குள்ளயே இருக்கற என்சைம் நார கொஞ்சம் கொஞ்சமா அறுத்து விடும், கறி எளகும். மாட்டுக்கறிக்கு ரெண்டு வாரம் வரைக்கும் தொங்க விடுவாங்க, பன்னிக்கு அவ்ளோ வேண்டாம், நாலஞ்சு நாள்லயே பெரும்பாலான வேலை முடிஞ்சிரும், ஒரே ராத்திரில கூட வித்தியாசம் நல்லாத் தெரியும். அண்ணன் பிடிவாதமா நிக்கறது வியாபாரத்துக்கு நஷ்டம்தான், ஆனா அவரு சரி.

இதுக்கு நேர் எதிரா ஒரு கெடுதல் இருக்கு, அத இந்தக் கடைலயும் ஒரே ஒரு தடவ பாத்தேன், மறைக்காம சொல்றேன். புரட்டாசி முடிஞ்ச மொத ஞாயிறு, கூட்டம் தாங்கல, ஒரு மாசம் கறி தின்னாத சனம் மொத்தமும் வந்து நிக்குது. வழக்கமான பண்ணைல சரக்கு பத்தாம தூரத்துல இருந்து ஒரு லோடு எடுத்திருக்காங்க. அன்னைக்கு வாங்குன தொடைக்கறி கருஞ்சிவப்பா, தொட்டா வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, ஒரு சொட்டு தண்ணி இல்ல. வறுத்தா மெத்துனுதான் இருந்துச்சு, ஆனா ருசி சப்புனு இருக்கு, மிச்சத்த பிரிட்ஜ்ல வச்சா ரெண்டாம் நாளே வாடை. ராத்திரி பூரா வண்டில நின்னு, பட்டினி கெடந்து, சண்டை போட்டு வந்த பன்னிக்கு கிளைக்கோஜன் உசிரோட இருக்கறப்பவே தீந்து போயிரும், வெட்டுன பிறகு ஆசிட்டா மாற ஒண்ணும் மிச்சமிருக்காது, பிஎச் 6க்கு மேலயே நின்னுரும். புளிப்பு இல்லாத கறில பூச்சிக்கிருமிக்கு கொண்டாட்டம், சர்க்கரையும் இல்லாததால நேரா அமினோ ஆசிட்ட தின்ன ஆரம்பிக்கும், அதுதான் அந்த வாடை. கடைசி பத்து நிமிஷ பயத்துல கறி வெளிறும், முந்தின நாள் பூரா அலைஞ்சா கறி கருக்கும். அடுத்த வாரம் போயி சொன்னேன், அண்ணன் வாதாடல, "ஆமா அம்மிணி, அந்த லோடு எனக்கே மனசுக்கு ஒப்பல"ன்னாரு, காசு வேண்டாம்னு ஒரு கிலோ போட்டாரு. அதுக்கப்புறம் தீபாவளிக்கு கூட வெளி லோடு எடுக்கல, சரக்கு தீந்துச்சுன்னு ஷட்டர எறக்கிட்டாரு.

ரகம் பத்தியும் கேட்டேன். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் கலப்பு, கொஞ்சம் டியூராக் சேத்த குட்டிங்களும் வருதாம், டியூராக்குல சதைக்குள்ள கொழுப்பு நூல் நூலா ஓடும், முதுகுக்கறிய வறுக்கறப்ப அது தெரியுது. ரகம் ஏன் முக்கியம்னா சில பன்னிக்கு பொறப்புலயே இந்தப் பிரச்சனை உண்டு. சதைக்குள்ள கால்சியத்த தொறந்து விடற கதவு மாதிரி ஒரு புரோட்டீன், அதோட ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா அந்தக் கதவு சரியா மூடாது, லேசா பயந்தாலும் ஒடம்பு கொதிச்சு அங்கயே விழுந்து செத்துரும், பொழச்சு வெட்டுனாலும் கறி வெளிறிரும். ஹாலோத்தேன்னு ஒரு மயக்க மருந்த மோக்க குடுத்தா அந்தப் பன்னிங்க கால் வெறைச்சு நின்னுரும், அத வச்சுத்தான் முன்னாடி கண்டுபிடிச்சாங்க. 1991ல கனடாவுல டொராண்டோ ஆராய்ச்சியாளருங்க அந்த ஜீன் மாத்தத்தயே கண்டுபிடிச்சாங்க, அப்புறம் ரத்தத்துல டெஸ்ட் பண்ணியே கழிச்சு விட முடிஞ்சுது. பெல்ஜியத்து பியெட்ரேன் ரகத்துல இது ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு, பின்பக்கம் பொம்முனு சதை பிடிச்சு இருக்கும், பாக்க ஆசையா இருக்கும், அதனாலதான் அத விட மனசில்லாம வளத்தாங்க. இந்த அண்ணன் ஜீன் டெஸ்ட் எல்லாம் பண்ணல, ஆனா ஏத்தி எறக்கறப்ப செத்து விழுந்த குட்டியோட தாய்வழிய பண்ணைக்காரர்கிட்ட சொல்லி கழிச்சு விட வச்சிருக்காரு, அனுபவத்துல வந்த அறிவு.

குறைன்னு பாத்தா, வெல சுத்துவட்டாரத்த விட கிலோவுக்கு நாப்பது ரூவா ஜாஸ்தி. எனக்கு அது பெருசா தெரியல, முன்னாடி வாங்கிட்டிருந்த கடைல ஒரு கிலோ வாங்கி தண்ணியா வத்த விட்டதுக்கு இது எவ்ளவோ மேல். ஞாயிறு மட்டும்தான் கறி, வார நாள்ல கேக்காதீங்க. கொழுப்ப தனியா எடுத்துட்டு வெறும் கறி குடுங்கன்னா மொகம் மாறும், தோலோட கலந்துதான் போடுவாரு. உக்கார எடமில்ல, வெயில்லதான் நிக்கணும், பக்கத்துல ஒரு பந்தல் போட்டா பெரியவங்களுக்கு உதவியா இருக்கும். ஜிபே இருக்கு, ஆனா டவர் கெடைக்காது, காசு கொண்டு போங்க.

கறி வாங்கறப்ப ஒண்ணு பண்ணுங்க, எந்தக் கடையா இருந்தாலும் சரி. முதுகுக்கறில ஒரு துண்டு வெட்டச் சொல்லி வெட்டுன பக்கத்த பாருங்க, இளஞ்சிவப்பா, அமுக்குனா திரும்பி எழும்பற மாதிரி, மேல ஈரம் இருந்தும் சொட்டாம இருக்கணும். கட்டைக்கு கீழயும் ஒரு பார்வ பாருங்க, அங்க ரோஸ் கலர்ல தண்ணி ஓடுதுன்னா வேண்டாம். இங்க அந்தக் கட்டைக்கு கீழ எப்பவும் காஞ்சுதான் கெடக்கும்.

வயித்துக்கறி எட்டு மணிக்கெல்லாம் காலியாயிரும், வேணுங்கறவங்க வெள்ளிக்கெழமயே கடைல இருக்கற அக்காகிட்ட சொல்லி வச்சிருங்க, நோட்டுல பேர் எழுதி வச்சுக்குவாங்க. ஈரல் மட்டும் சனிக்கெழம காலைலயே குடுத்தர்றாங்க, அது குளிர் ரூமுக்கு போறதில்ல, கெடைச்சா விட்றாதீங்க.