விமானத்தில் ஸ்கீ: மெல்லிய பையா, சக்கரப் பையா, கெட்டிப் பெட்டியா?

டொராண்டோவிலிருந்து கல்கரிக்குப் பறந்து, அங்கே கார் எடுத்து, பனிச்சறுக்குக்குப் பேர்போன மலையூர் பான்ஃப் போகும் குடும்பம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். நான்கு ஜோடி ஸ்கீயையும் (பனியில் சறுக்கும் நீளப் பலகைகள்) தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு மலையடிவாரக் கடையில் வாடகைக்கு எடுப்பதே மேல்; அவர்களின் எடைக்கேற்ப பைண்டிங்கையும் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடி) அங்கேயே சரிசெய்து தருவார்கள். கேள்வி பெரியவர்களின் இரண்டு ஜோடியைப் பற்றித்தான்.

ஒற்றை ஜோடிக்கான மெல்லிய பை மலிவு, எடையும் ஒரு கிலோவுக்குள்தான். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது. சாமான் ஏற்றுபவர் தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் ஸ்கீ முன்னே சறுக்கி, அதன் நுனி பையின் முனைத் தையலைக் கிழித்துவிடும். இருவருக்கு இரண்டு பை என்றால் இரண்டு உருப்படிக்கான கட்டணம் வேறு.

கெட்டி பிளாஸ்டிக் பெட்டி பாதுகாப்பில் முதலிடம். மேலே கனமான சூட்கேஸ் விழுந்தாலும் பைண்டிங் உடையாது. ஆனால் வெறும் பெட்டியே 5, 6 கிலோ வரும். அதைவிடப் பெரிய தொல்லை கல்கரியில் இறங்கிய பிறகுதான்: மடக்கவோ வளைக்கவோ முடியாத பெட்டி சிறிய வாடகைக் காருக்குள் நுழையாது.

ஆகவே எங்கள் தேர்வு, இரண்டு ஜோடி கொள்ளும் மெத்தை வைத்த சக்கரப் பை. கணக்கைப் பாருங்கள்: பை 4 கிலோ, பைண்டிங்கோடு ஸ்கீ ஜோடி 6 வீதம் 12, சறுக்கும்போது ஊன்றும் கம்புகள் 1. மொத்தம் 17. பெரும்பாலான விமானங்களின் 23 கிலோ வரம்புக்கு இன்னும் 6 கிலோ மிச்சம். ஸ்கீ பைக்குள் துணி வைக்கக் கூடாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு, முன்பே விதியைப் படித்துவிடுங்கள். பையின் நீளம் ஸ்கீயைவிட 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் உள்ளே ஆட்டம் காணும்.

அடுக்கும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. ஸ்கீயை ஈரம் போகத் துடைத்து, அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, நுனியிலும் வாலிலும் ரப்பர் தடுப்புள்ள பட்டையால் கட்டுங்கள். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றின் இரும்பு விளிம்பு மற்றதன் அடிப்பக்கத்தைச் சுரண்டிக் கோடு போட்டுவிடும். இரண்டாவது ஜோடியை, முதல் ஜோடியின் நுனிப் பக்கம் இதன் வால் வரும்படி திருப்பி வையுங்கள். பைண்டிங் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி இருப்பதால், திருப்பி வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் அடங்கும். துணி அனுமதி உண்டென்றால் பனிக் கால்சட்டையை பைண்டிங்கைச் சுற்றிச் சுருட்டுங்கள். நுனிகளுக்குக் குழாய்மேல் மாட்டும் நுரை உறையை ஒரு சாண் வெட்டி மாட்டினால் போதும். கடைசியாக வெளிப்பட்டைகளை இறுக்கிக் கட்டி, பையைச் சாய்த்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

பூட்ஸை மட்டும் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோங்கள். பை வராமல் போனால் ஸ்கீ எங்கும் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. கம்புகளுக்கு உள்ளே அனுமதி இல்லை, அவை பையில்தான் போக வேண்டும். சூடேற்றும் கையுறை இருந்தால் அதன் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்.

திரும்பி வந்த இரவே பையைத் திறந்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடிக் கிடந்தால் மறுநாளே விளிம்பில் துரு பூத்திருக்கும்.