பிள்ளைகளோடு காட்டோரம் தங்க: கேம்பர்வேனா, மோட்டார்ஹோமா, டிரெய்லரா?

படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி பார்க்கப் போகிறவர்கள் உள்ளே ஏறி மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள், அடுப்பைத் திருகிப் பார்ப்பார்கள், இறங்கிவிடுவார்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது மட்டும்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. அப்புறம் நான்கு பேர், கேஸ் சிலிண்டர், சைக்கிள்கள், துணிமணி. மொத்த எடை 3,500 கிலோ என்ற வகையில் வரும் பெரிய மோட்டார்ஹோம்களில், அதாவது வீடு போலக் கட்டிய வண்டிகளில், அந்த மிச்சம் சில நூறு கிலோதான் இருக்கும். பார்க்க வீடு மாதிரி இருக்கும் வண்டி, குடும்பம் ஏறியதுமே எல்லையைத் தொட்டுவிடும்.

சரி, கேம்பர்வேனிலிருந்து தொடங்கலாம். ஃபோக்ஸ்வாகன் வேனை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் முகாம் வண்டியாக மாற்றியபோது இருந்த யோசனைதான் இன்றும்: பகலில் இருக்கை, இரவில் படுக்கை. ஃபியட் டுகாட்டோ போன்ற வேனில் கட்டியது ஏறக்குறைய 6 மீட்டர் நீளம் வரும். ஓட்டுவதற்குப் பெரிய பழக்கம் தேவையில்லை, குறுகலான காட்டுப்பாதையிலும் நுழையும், நிறுத்தியதும் தங்கல் தயார். இரண்டு பேருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை என்றே சொல்வேன்.

பிள்ளைகள் சேர்ந்தால் கதை மாறுகிறது. நாங்கள் ஒருமுறை வாடகைக்கு எடுத்தோம். தினமும் இரவு மேசையைக் கழற்ற வேண்டும், பைகளையெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் அடுக்க வேண்டும், இருக்கையை விரிக்க வேண்டும். அதுவரை தூக்கம் சொக்கும் சின்னவளை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். காலையில் எல்லாவற்றையும் திருப்பிச் செய்தால்தான் காபிக்கு இடம் கிடைக்கும். மேலே தூக்கும் கூரை இருந்தால் பிள்ளைகள் அங்கே படுக்கலாம், அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதன் பக்கச் சுவர் பெரும்பாலும் துணி. காற்றடித்தால் படபடக்கும், குளிர் இறங்கும்.

மோட்டார்ஹோமில் அந்த மடிப்பு வேலை குறைவு. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒன்று, தனிக் கழிவறை. மழை நாளில் நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்காரலாம். வாங்கும் முன் சீட் பெல்ட்டை எண்ணுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று விற்கும் வண்டியில் நான்கு பெல்ட் மட்டும் இருப்பதுண்டு. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. நடைபாதை தொடங்கும் இடம் 10 கிலோமீட்டர் தள்ளி என்றால், பாத்திரம் முதல் பந்தல் வரை எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் மரக்கிளைகளையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இழுத்துப் போகும் டிரெய்லரில் இந்தத் தொல்லை இல்லை. கழற்றி நிறுத்திவிட்டால் கார் உங்கள் கையில். பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக நிரந்தர பங்க் படுக்கை கிடைக்கும், பகலில் தூங்கினாலும் யாருக்கும் இடைஞ்சலில்லை. பராமரிக்க இன்னொரு இன்ஜினும் கிடையாது.

இழுப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பாரம் பின்னால் கூடினால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். அதனால் கனமான பொருள்கள் அச்சுக்கு அருகே, தரையோடு இருக்க வேண்டும். கொக்கி மேல் விழும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது வட அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பிய காரவன்களுக்கு (அங்கே இழுத்துப் போகும் டிரெய்லருக்கு அதுதான் பெயர்) அதைவிடக் குறைவு. உங்கள் காரின் கையேடு அனுமதிக்கிற அளவை மீறக் கூடாது. பின்னோக்கி எடுக்க ஒரு சுலபமான வழி: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் பயம் தெளிந்துவிடும்.

மடித்து விரிக்கும் கூடார டிரெய்லர் எடை குறைவு, சின்ன கார்கூட இழுக்கும். ஆனால் ஈரத்தோடு மடித்தால் வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். நாங்கள் ஒரு வாரம் விட்டுவிட்டோம். திறந்தபோது துணி நெடுக மிளகைத் தூவியதுபோல் பூசணம், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. காரின் கூரைக் கூடாரத்தை, நடு இரவில் ஏணியில் இறங்கத் தெரியாத பிள்ளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மின்சாரமும் கேஸும் எல்லா வண்டிக்கும் பொது. 100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் ஈய பேட்டரியில் பாதியைத்தான், அதாவது சுமார் 600 வாட்-மணி, பயன்படுத்தலாம். அதே அளவு லித்தியம் பேட்டரியில் 1,000-க்கு மேல் கிடைக்கும். மர நிழலில் கூரை சோலார் தகடு பெயருக்குத்தான் வேலை செய்யும், வெயிலுக்கு நகர்த்தி வைக்கக்கூடிய தகடே மேல். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது கசிந்தால் வெளியேறத்தான் தரையில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். குளிருதே என்று அதை அடைக்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகள், ஒரே இடத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்கும் பழக்கம், இழுக்கத் தெம்புள்ள கார்: இருந்தால் பங்க் படுக்கை உள்ள சின்ன டிரெய்லரைத்தான் எடுக்கச் சொல்வேன். பொருள்கள் ஏற்றிய பிறகும் அதன் எடை காரின் இழுவை எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். தினம் ஓர் ஊர் என்று சுற்றுகிறவர்களுக்குக் கூரை தூக்கும் கேம்பர்வேன். எதுவானாலும் பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் பைகளையும் கொண்டுபோங்கள். நால்வரும் உள்ளே இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாப் படுக்கையையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.