தாத்தாவின் பர்மா நட்சத்திரம்: பெங்களூருவுக்கு எழுதுவதா, லண்டனில் தேடுவதா?

அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப் பொறியியல் பிரிவில் இருந்தவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமம். போர் முடிந்து ஊர் திரும்பி, அப்புறம் பெரம்பூரில் ரயில்வே வேலைக்கு வந்துவிட்டார். எங்களிடம் மிஞ்சியவை சீருடையில் ஒரு போட்டோவும் ஒரு வட்டப் பதக்கமும்தான். பதக்கத்தின் ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கம். "பர்மா வரைக்கும் போனேன்" என்று அவர் சொன்னதை அம்மா இன்னும் சொல்வார். அப்படியானால் பர்மாக் களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திர வடிவப் பதக்கமான பர்மா நட்சத்திரம் எங்கே? அவருக்கு அது உண்டா, இல்லையா? இதைத் தேடித்தான் இரண்டு வழியிலும் போனேன்.

முதலில் லண்டன் பக்கம். பிரிட்டிஷ் காலத்துப் படை என்றால் ஆவணமும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து, ஒரு வம்சாவளி இணையதளத்தில் இரண்டு மாதம் சந்தா கட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியப் படைக் கோப்புகள் பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. சிப்பாய்களின் தனிக் கோப்புகள் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. வீரதீர விருது என்றால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் பெயர் வந்திருக்கும், இலவசமாகவே தேடலாம். இதே சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த வீர விருதைப் பெற்றார். அவர் பெயர் கெசட்டில் உண்டு. எல்லோருக்கும் பொதுவான போர்ப் பதக்கங்களுக்கு அங்கே பட்டியல் கிடையாது. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் போதும். நந்தம்பாக்கம் கல்லறையில் இருப்பவர்களும் அதில் உண்டு. உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள்.

அதனால் என் ஓட்டு பெங்களூருவுக்கு. அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்குத்தான் முதலில் எழுத வேண்டும். சாப்பர்ஸுக்கு பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர்.

ஆனால் சும்மா எழுதினால் நடக்காது. எல்லாமே ஒரே விஷயத்தில் நிற்கிறது: படை எண். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் கோப்பை 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது விதி. போருக்காகச் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் வீடு திரும்பியவர்களுக்குப் பென்ஷன் ஏது? தாத்தாவின் கோப்பும் அப்படித்தான் போயிருக்கிறது. எஞ்சுவது 'லாங் ரோல்' என்னும் பெரும் பதிவேடு மட்டும். அதில் எண் இல்லாமல் ஆளைப் பிடிப்பது மிகக் கடினம். தாத்தா பெயர் முனுசாமி. வட ஆற்காட்டில் எத்தனை முனுசாமி! அதுவும் முனிசாமி, முனுஸ்வாமி, மூனூசாமி என்று எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பதிந்திருப்பார்கள். பெயரை மட்டும் போட்டு நான் எழுதிய முதல் கடிதத்துக்கு, எண்ணைக் கேட்டு இரண்டு வரி பதில் வந்தது.

எண் கிடைத்தது பாட்டியின் டிரங்குப் பெட்டியில். தாத்தா அனுப்பிய மணியார்டரின் கூப்பன் ஒன்றைப் பாட்டி பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதில் எண், பெயர், கம்பெனி (அவர் இருந்த சிறு படைப்பிரிவு) மூன்றும் இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும் வீடுகளுக்கு இந்தப் பாடே இல்லை. பாட்டி யாராவது உலகப் போர் வீரரின் விதவை என்று அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இதற்காக அலைய வேண்டாம். அது மாகாண அரசின் கோப்புகளுக்கான இடம்.

இரண்டாவது கடிதத்தில் எண்ணோடு பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், தாத்தாவின் அப்பா பெயரும், பழைய தாலுகா, ஜில்லாவும் எழுதி, வாரிசுச் சான்றிதழ் நகலையும் வைத்தேன். ஏழு வாரத்தில் ஒரு பக்கம் பதில் வந்தது. சேர்ந்தது 1942 அக்டோபர், விலகியது 1946 மே, தொழில் கொத்தர். அவர் கொத்து வேலை தெரிந்தவர் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பதக்கம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தேதிகள் கையில் இருந்தால் நாமே கணக்குப் பார்க்கலாம். போர்ப் பதக்கத்துக்கு 28 நாள் சேவை போதும். வீட்டில் இருப்பது அதுதான். இந்திய சேவைப் பதக்கத்துக்கு 1945 செப்டம்பர் 2க்குள் களத்துக்கு வெளியே மூன்று வருஷம் முடித்திருக்க வேண்டும். தாத்தா அக்டோபரில் சேர்ந்ததால் நாலு வாரமாவது குறைகிறது. அது இல்லை என்று உறுதியானது. பர்மா நட்சத்திரத்துக்கு, 1941 டிசம்பர் 11க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடையில் அவர் கம்பெனியோடு பர்மாக் களத்துக்குள் போயிருக்க வேண்டும்.

இங்கேதான் லண்டன் திரும்ப வருகிறது. கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்தது என்பதைச் சொல்லும் போர் நாட்குறிப்புகள் அங்கே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டணத்துக்குப் படம் எடுத்து அனுப்பும் ஆய்வாளர்கள் உண்டு. ஒருவரிடம் இப்போதுதான் பேசியிருக்கிறேன். அந்த வழி எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இன்னும் நாளாகும். கம்பெனி பெயர் பெங்களூரு பதிலிலும் உறுதியான பிறகுதான் எதைத் தேடச் சொல்வது என்றே எனக்குத் தெரிந்தது.

பழைய நாணயக் கடை ஒன்றில் அசல் பர்மா நட்சத்திரமே விலைக்கு இருந்தது. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திரங்களில் பலவற்றில் பெயர் இருக்காது. ஆகவே பெயர் இல்லாத ஒன்றை வாங்கிச் சட்டத்துக்குள் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாங்கிவிடலாம் என்று மாமா சொன்னார். நாட்குறிப்பு வரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். சட்டத்தில் போர்ப் பதக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.