கொலுவுக்கு மண் பொம்மையா, காகிதக்கூழ் பொம்மையா?

அம்மாவின் பொம்மைகளைச் சகோதரிகள் பங்கு போட்டுக்கொண்டபின், என் வீட்டுக் கொலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் எந்தக் கடைமுன் நின்றாலும் “மண்ணா, பேப்பர் மேஷா? பேப்பர்னா தூக்க ஈசிம்மா” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இரண்டையும் வாங்கி வைத்துப் பார்த்தேன். இப்போது மண் பொம்மை மட்டும்தான் வாங்குகிறேன். அதற்குப் பரண்தான் காரணம்.

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. இரண்டடிப் பெருமாள் காகிதக்கூழில் இருந்தால் ஒரு கையால் தூக்கி மேல்படியில் வைத்துவிடலாம். தவறி விழுந்தாலும் மூக்கு நசுங்குவதோடு போகும். விலை, ஒரே உயரத்துக்கு, பெரும்பாலும் காகிதக்கூழில்தான் கூடுதல். கண்ணும் புருவமும் இரண்டிலும் கையால் தீட்டுவதுதான். முகக்களை தீட்டுகிறவர் கையில் இருக்கிறது. இதற்குமேல் இந்த விஷயங்களில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது, கொலு முடிந்தபின் பொம்மை எங்கே, எப்படி இருக்கப்போகிறது என்பதை. பத்து நாள் படியில் இருந்தால் மிச்ச நாளெல்லாம் பெட்டிக்குள். அதுவும் நாம் பெட்டி கட்டுகிற நேரம் இருக்கிறதே! வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். 2023இல் விஜயதசமியே அக்டோபர் 24. ஒரு பொம்மையைச் சாத்திப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஈரக்காற்றோடு சேர்த்துத்தான் மூட்டை கட்டுகிறோம். அடுத்த இரண்டு மாதம் மொட்டைமாடித் தளத்தின் ஓதம் பரணில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

காகிதக்கூழுக்கு இந்த ஓதம்தான் எதிரி. கூழோடு சுண்ணத்தூளும் பசையும் பிசைந்து அச்சில் அழுத்தி எடுக்கும் பொம்மை அது. மேலே வண்ணம் வழவழவென்று இருந்தாலும், அடிப்பாகத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. ஈரம் அங்கே ஏறி, உள்ளே உப்பி, வண்ணம் வெடிக்கும். பசையும் காகிதமும் இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் நல்ல தீனி. என்னிடம் இருந்த தசாவதார செட்டில் கூர்மத்துக்கும் வராகத்துக்கும் அடிப்பாகம் இப்படித்தான் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் வைத்திருந்தது ஒரு சில செட்தான். அடிவரை நன்றாகப் பூச்சுக் கொடுத்தவை இதைவிட நாள் தாங்கலாம்.

மண் பொம்மை சூளையில் வெந்தது. மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் களிமண்ணை அச்சில் இட்டு, நிழலில் உலர்த்திச் சுட்டுத்தான் வண்ணம் பூசுகிறார்கள். ஈரம் பட்டாலும் உடம்பு உப்பிக் கரையாது. பூச்சி தின்ன அதில் ஏதுமில்லை. வண்ணம் மங்கும், அங்கங்கே உரியும், அவ்வளவுதான். கை ஒடிந்தால் எம்-சீல் வைத்து ஒட்டி, மேலே வண்ணம் தீட்டிவிடலாம். பொம்மை செய்கிறவர்களே பழைய பொம்மைக்குப் புது வண்ணம் பூசியும் தருகிறார்கள். அம்மா வீட்டுச் செட்டியார், செட்டிச்சி பொம்மைகள் இரண்டு தலைமுறை தாண்டி இன்னும் கடைப்படியில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். வாங்கிய பொம்மை பேத்தி கைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மண் என்று சொல்லிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விற்பதும் உண்டு. பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். சுட்ட மண் செங்கல் நிறத்தில் இருக்கும், விரலால் தட்டினால் கணீரென்று கேட்கும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்து, நகத்தால் சுரண்டியதும் மாவு உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு மண்ணின் ஆயுளும் இல்லை, காகிதத்தின் லேசும் இல்லை.

பரணில்லாத அடுக்குமாடி வீடு, பொம்மையை ஏற்றி இறக்க ஆள் இல்லை, முதுகுவலி என்றால் காகிதக்கூழே வாங்குங்கள். பெட்டியைப் பரணுக்குப் பதில் அலமாரியில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். இரண்டடிக்கு மேல் உயரமான பொம்மையை நானும் மண்ணில் வாங்கச் சொல்லமாட்டேன். ஆந்திரத்துக் கொண்டபல்லி மரப்பொம்மை லேசு, அழகு. ஆனால் கிராமக் காட்சிகள் கிடைக்கிற அளவுக்கு நம் கல்யாண செட், கருடசேவை செட் அதில் கிடைப்பதில்லை.

எதை வாங்கினாலும் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். எனாமல் பூசிய பொம்மையில் செய்தித்தாளை நேராகச் சுற்றினால் எழுத்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்க்கும். தை பிறந்து வெயில் ஏறியதும் பெட்டியை ஒருமுறை இறக்கித் திறந்து காற்றாட விடுங்கள். வண்ணம் பூசக் கொடுக்க வேண்டிய பொம்மைகளை அப்போதே தனியாக எடுத்து வைத்தால், ஆடிக்கு முன்பே கொடுத்துவிடலாம். ஆவணி பிறந்துவிட்டால் புதுப் பொம்மை வேலையே அவர்களுக்குத் தலைக்குமேல் இருக்கும்.