சொந்தக் காரா, மணிக்கணக்கு வாடகையா? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கார் மேல் ஆசையே இல்லை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆப்பில் மணிக்கணக்கு வாடகைக்குக் கார் எடுத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். ஓட்டும் ஆசை அப்படியேதான் இருக்கிறது. சும்மா நிற்கிற காருக்குப் பணம் கட்டத்தான் மனசு வரவில்லை. இது புது யோசனையும் இல்லை. சூரிக் நகரில் 1948-லேயே ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவைச் சேர்ந்தவர்கள் பொதுவில் கார் வைத்து முறை போட்டு ஓட்டினார்கள். செல்போன் வந்ததும் சாவி வாங்கித் தரும் தொல்லை போயிற்று, அவ்வளவுதான்.

முடிவு எடுக்கக் கிலோமீட்டரை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள். சொந்தக் காருக்கு வருடத்தில் குறையும் மறுவிற்பனை மதிப்பு, கடன் வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். எரிபொருளை விட்டுவிடுங்கள். வந்த தொகையை, எரிபொருள் சேராத ஒரு நாள் வாடகையால் வகுத்தால் எத்தனை நாள் என்று வரும். உதாரணத்துக்கு, கார் விலையை 100 என்று வைப்போம். வருடச் செலவு 24, ஒரு நாள் வாடகை 0.3 என்றால் விடை 80 நாள். வாரம் ஒரு நாள் மட்டும் வண்டி தேவைப்படுகிறவருக்கு 52 நாள்தான், அவருக்கு வாடகை போதும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எடுக்கிறவருக்கு 104 நாள், அவர் வாங்குவதே நல்லது. பெரும்பாலோர் இந்தக் கணக்கில் மறுவிற்பனை மதிப்புக் குறைவை விட்டுவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய செலவு அதுதான்.

ஓட்டாமல் வைத்தால் வண்டி புதுசாகவே இருக்கும் என்ற நம்பிக்கையும் தப்பு. பேட்டரியைப் பாருங்கள். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியில் உள்ள மின்சாரத்தின் அளவு) போய்விடும். 15 நாளில் 18 ஏ.எச். தீர்ந்துவிடும். 45 ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கும். மூன்று நான்கு வருடம் ஆனது என்றால் சாவி திருப்பியதும் டக் டக் சத்தம் மட்டும்தான் கேட்கும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பயனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவானதைத் தாண்டி அதிகமாக ஏறாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள். காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி மீளாது. என்ஜின் ஆயிலுக்கும் கிலோமீட்டர், மாதம் என இரண்டு கெடு உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

வாடகைக் காரும் இதே நோய்க்குத் தப்பவில்லை. கூரையில் தூசி படிந்து, வைப்பருக்கு அடியில் இலை சிக்கிய வண்டி பல நாளாக நிற்கிறது என்று அர்த்தம். சாவி போட்டதும் டேஷ்போர்டு விளக்கு மங்கினால் அப்போதே ரத்து செய்துவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

தகராறு அதிகம் வருவது கீறலில். கதவையும் பம்பரையும் எல்லோரும் படம் எடுப்பார்கள், வீல் விளிம்பை விட்டுவிடுவார்கள். நடைபாதைக் கல்லில் உரசுவது அங்கேதான். நான்கு வீல், முன் பம்பரின் அடிப்பக்கம், முன் கண்ணாடி, ஓடோமீட்டர், எரிபொருள் அளவு இவ்வளவும் வரும்படி வண்டியைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள். இரவில் டார்ச்சை நேராக அடித்தால் கீறல் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒப்படைக்கும்போதும் இதே சுற்று. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தபின் கிளம்புங்கள். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் முன்பே படித்து வையுங்கள். இன்சூரன்ஸ் உண்டு என்று எழுதியிருந்தாலும் முதல் ஒரு தொகை ஓட்டியவர் தலையில்தான் விழும்.

அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் பயணத்தை ஆப்பில் முடிக்க முடியாது, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே நிறுத்த வழியில்லை என்றால், உள்ளே இறங்குவதற்கு முன் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து நேரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் கதவும் திறக்காது, அதனால் கேபிள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

இந்த ஏற்பாடு உடைவது முன்பக்கம் பார்த்து உட்காரும் சிறு குழந்தை உள்ள வீட்டில். ஒவ்வொரு முறையும் குழந்தை இருக்கையைச் சுமந்துபோய், ஐசோஃபிக்ஸ் (கார் சீட்டில் உள்ள கம்பியில் குழந்தை இருக்கையைப் பூட்டும் அமைப்பு) கொக்கி இரண்டும் க்ளிக் என்று பூட்டி, பூட்டியதைக் காட்டும் குறி பச்சைக்கு மாறியதைப் பார்த்து, இருக்கையின் மேல்பக்கத்தைக் காரோடு பின்னால் இழுத்துக் கட்டும் மேல் பட்டையை இறுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது அந்த மேல் பட்டைதான். அது இல்லாமல் மோதலில் இருக்கை முன்னால் கவிழும், குழந்தையின் தலை முன் சீட்டில் போய் இடிக்கலாம். வாரத்தில் மூன்று நான்கு முறை இப்படி மாட்டிக் கழற்ற வேண்டியிருந்தால், 80 நாள் கணக்கை ஒதுக்கிவிட்டுச் சொந்தமாக வாங்குங்கள்.